வைக்கோலில் உள்ள எரிபொருள்

1990 முதல் பல ஆண்டுகளாக வன்னிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்தது. சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். 2022 இல் முழு நாடும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. அதே ஆண்டிலும் அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் எரிந்துகொண்டுதான் இருந்தது. "இப்படி எரிகிற வைக்கோலில் இருந்து எரிபொருள் எடுக்க முடியாதா?" என்று கமக்காரர் கேட்பது நியாயமே. முடியும். ஆனால் எப்படி, யாருக்குப் பயன் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. வைக்கோலுக்குள் இருப்பது என்ன?

சோற்றில் உள்ள மாப்பொருளும் வைக்கோலில் உள்ள செலுலோசும் குளுக்கோசு என்ற ஒரே சீனியால் ஆனவை. அந்தச் சீனி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ள விதம் மட்டுமே வேறு. மாப்பொருளின் பிணைப்பை நமது உமிழ்நீரே உடைக்கும். செலுலோசின் பிணைப்பை மனித உடலால் உடைக்க முடியாது.

வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். தடிகள் செலுலோசு, அவற்றைக் கட்டும் கொடி அரைச்செலுலோசு, மேலே அப்பிய மண் இலிக்னின். மண்ணை உடைத்துக் கட்டை அவிழ்த்தாற்றான் தடியை எடுக்கலாம். மாட்டின் இரைப்பையிலும் கறையானின் குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் இவ்வேலையை நாள்தோறும் செய்கின்றன.

2. ஆலையில் நடப்பது

வெட்டிய வைக்கோலை முதலில் ஐதான அமிலத்துடன் சேர்த்து, உயர் அமுக்க நீராவியால் அவிப்பர். இது சுவரைத் தளர்த்தும். அடுத்து நொதியங்களைச் சேர்த்துச் செலுலோசைச் சீனியாக்குவர். இந்நொதியங்களைத் தரும் ஒரு பங்கசு, இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை உக்க வைத்ததால் கண்டறியப்பட்டதாகும். பின்னர் மதுவம் சீனியை நொதிக்கச் செய்து எதனோல் என்னும் மதுசாரமாக்கும். இறுதியில் அதை வடித்தெடுப்பர்.

அமிலத்தால் செலுலோசைச் சீனியாக்கலாம் என்பதை பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பிராக்கொனோ 1819 இலேயே காட்டிவிட்டார். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் இத்தொழில் பரவலாகாததற்குக் காரணம் செலவே. வீட்டில் அமிலம் வைத்து இதனை முயல்வது ஆபத்தானது, யாரும் முயலவேண்டாம்.

3. பானிப்பட் தரும் கணக்கு

இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில், பானிப்பட் என்னுமிடத்தில், இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்தின் ஆலை 2022 ஓகஸ்ட் 10 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. வயல்களில் வைக்கோலை எரிக்கும் புகை டெல்லி வரை பரவுவதைக் குறைப்பதும் அதன் நோக்கம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் தொன் வைக்கோலில் இருந்து 3 கோடி லீற்றர் எதனோல் எடுப்பதே திட்டம். அதாவது, தொன்னுக்கு 150 லீற்றர். ஆலைக்கான செலவோ 900 கோடி இந்திய ரூபாய்க்கு மேல்.

நெல்லின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக வைக்கோல் கிடைக்கும். ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் என்று வைத்தால், 225 லீற்றர் எதனோல். ஆனால் எதனோல் பெற்றோலுடன் கலக்கப்படுவது. ஒரு லீற்றரில் பெற்றோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கே உண்டு. நமது உழவு இயந்திரங்கள் டீசலில் ஓடுபவை. ஆகவே அத்தகைய ஆலை வந்தாலும், கமக்காரர் அங்கே வைக்கோலை விற்பவராகவே இருப்பார். விலையை மற்றவர் தீர்மானிப்பார்.

4. மண்ணின் பங்கு

நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகிறது. வைக்கோலை வயலிலிருந்து ஏற்றிவிட்டால் அதுவும் போகும். எரித்தால் நைதரசனின் பெரும்பகுதி காற்றோடு போகும். சாம்பலை மழை அள்ளிச்செல்லும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது நாம் பட்ட துன்பம் இதன் பெறுமதியை உணர்த்தியிருக்கவேண்டும். எங்கள் மாடுகளுக்கும் இதில் பங்குண்டு. எனவே வைக்கோல் கழிவுப்பொருளன்று.

5. கிராமத்திற்கு ஏற்ற வழி

எரிபொருளும் வேண்டும், பசளையும் வேண்டும் என்றால் உயிர்வாயுவே பொருத்தமானது. இலங்கையின் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலைக் கொண்டு உயிர்வாயு எடுக்கும் உலர்தொகுதி முறையை உருவாக்கியது. தொட்டியில் வைக்கோலை அடுக்கி, சாணக் கரைசலைச் சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடுவர். நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்கும். அமில ஆலையும் வேண்டாம், வடித்தலும் வேண்டாம். சில மாதங்கள் சமையலுக்கு வாயு கிடைக்கும். விறகு தேடி அலையும் பெண்களின் நேரம் மிஞ்சும். முடிவில் தொட்டியிலிருந்து எடுப்பது நல்ல பசளை. பொற்றாசியம் முழுவதும் வயலுக்கே திரும்பும்.

வைக்கோலில் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அதனாற்றான் சாணம் அவசியம். இன்னொரு எச்சரிக்கை: திறந்த தொட்டிக்குள் உடனே இறங்கவேண்டாம், அருகே தீ மூட்டவும் வேண்டாம்.

இம்முறையில் உழவு இயந்திரம் ஓடாது என்பது உண்மை. ஆனால் அடுப்பு எரியும், வயலும் மெலியாது. பெரிய ஆலை ஒருநாள் நமது பகுதியைத் தேடி வரலாம். அப்போது, எவ்வளவு வைக்கோலை விற்கலாம், எவ்வளவு மண்ணுக்கும் மாட்டுக்கும் என்று தீர்மானிக்க நாம் ஒன்றுபட்டு ஆயத்தமாக இருக்கவேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் இக்காலபோகத்தில் எத்தனை ஏக்கர் வைக்கோல் எரிக்கப்பட்டது? ஏன்?

2. அறுவடை இயந்திரம் சிதறவிடும் வைக்கோலைச் சேர்க்க எவ்வளவு உழைப்பு வேண்டும்? இதை முறைமாறி ஒருவருக்கொருவர் செய்ய முடியுமா?

3. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொட்டி அமைப்பதாயின், வாயுவையும் பசளையையும் எப்படிப் பகிர்வது?