நற்பெயர் காத்தல்

வேடந்தாங்கலில் நம் உறவுப் பிள்ளை ஒருவர் சிறிய உணவு விடுதி நடத்தி வருகிறார். அண்மையில் அவர் குடும்பத்தார் அனைவருக்கும் ஒரு செய்தி அனுப்பினார்: “கூகுள் வரைபடத்தில் நம் விடுதிக்கு எல்லாரும் ஐந்து நட்சத்திரம் இடுங்கள்.” “பறவையும் இல்லை, காபியும் ஆறிப்போயிற்று” என்று ஒரு பயணி ஒற்றை நட்சத்திரம் இட்டிருந்தாராம். அதை மறைக்கவே இவ்வேண்டுகோள்.

அங்கு நாம் ஒரு வாய் நீரும் அருந்தியதில்லை. ஆயினும் பிள்ளைக்கு உதவுவோமே என்று கைப்பேசியை எடுத்துவிட்டோம். தேர்வெழுதாத மாணவனுக்கு மதிப்பெண் இட்டதுண்டா என்று உள்ளம் கேட்டது. பல்லாண்டு விடைத்தாள் திருத்திய கை அங்கேயே நின்றது. அன்று நாம் சிந்தித்தவற்றை ஈண்டு ஒரு பாடமாகத் தருகிறோம்.

1. பொய்யுரை ஏன் தவறு? வாய்மை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கூடலேகம், அஃதாவது பொய்யாவணம் எழுதுதல், ஒன்றென நாம் அறிவோம். உண்ணாத உணவைப் புகழ்ந்தெழுதுவதும் அவ்வகையினதே. அதை நம்பி வருபவர் முன்பின் அறியாத ஒருவர், இழப்பு அவருடையது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 19000:2022 என்னும் தரவிதி, விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை வெளியிடலாகாது என்கிறது. பரிசோ தள்ளுபடியோ தந்து மதிப்புரை பெறுவதைக் கூகுள் நிறுவனமும் தடுத்துள்ளது.

2. ஒற்றை நட்சத்திரத்துக்கு அஞ்ச வேண்டுமா? ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்பது பேர் ஐந்தும் ஒருவர் ஒன்றும் இட்டால் சராசரி 4.6. நாற்பத்தொன்பது பேர் ஐந்தும் ஒருவர் ஒன்றும் இட்டால் 4.92. ஆகவே, மகிழ்ந்தவர், முகம் சுளித்தவர் என்று பாராது, உண்டு செல்லும் அனைவரிடமும் கருத்தெழுதுமாறு பணிவுடன் கேட்பதே நேர்வழி. உணவும் உபசரிப்பும் நன்றாயின் எண்ணிக்கை தானே உயரும்.

3. விடை எழுதுவது எங்ஙனம்? விடுதி தம்முடையது என உறுதிசெய்த உரிமையாளர், ஒவ்வொரு மதிப்புரைக்கும் கீழே கட்டணமின்றி விடையெழுதலாம். சினம் தணிந்தபின் எழுதுக; ஆனால் நாள் கடத்தற்க. காபி ஆறியது மெய்யாயின் வருத்தம் தெரிவித்து, செய்த திருத்தத்தைச் சொல்லுக. பறவை இல்லாமை விடுதியின் குற்றமன்று. “நவம்பர் முதல் மார்ச் வரை வந்தால் பறவைகளை மிகுதியாகக் காணலாம்” என்று வழிகாட்டுக. வந்தவரின் தனிச்செய்திகளை வெளியிடற்க. மதிப்புரை முற்றிலும் பொய்யாயின் வாதிடாது, அதனை நீக்கக் கோரி அத்தளத்திலேயே முறையிடுக. அவ்விடையைப் பின்னாளில் படிக்கப் போகும் நூறு பேரை மனத்திற்கொண்டு எழுதுதல் நலம்.

4. ஊரே காட்டும் சான்று. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்னும் ஆணையை, 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். கூடுகட்டும் காலத்தில் பட்டாசு வெடிப்பதையும் தவிர்த்து வந்தனர். 2022-இல் அவ்வேரி ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அச்சிறப்பை எவரும் விலைக்கு வாங்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்துகொண்ட முறையே அதனைத் தேடித் தந்தது.

பிள்ளைக்கு நாம் இவ்வாறு எழுதினோம்: “வந்து உண்போம், குறையிருப்பின் உன்னிடமே நேரில் சொல்வோம். நட்சத்திரம் இடுவது வழிப்போக்கர் உரிமை.” இரண்டு நாள் அவர் நம்மிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், அப்பயணிக்கு எழுதிய விடையை நமக்கு அனுப்பி, “பிழை இருந்தால் திருத்துங்கள், பாட்டி” என்று கேட்டிருந்தார். ஓர் ஒற்றுப்பிழை மட்டுமே இருந்தது.

பயிற்சி: (அ) நும் குடும்பத் தொழிலைக் குறைகூறும் மதிப்புரை ஒன்றுக்கு நான்கு வரிகளில் விடை எழுதுக. (ஆ) அக்குறையில் மெய் எவ்வளவு என்பதை வீட்டாருடன் அமர்ந்து ஆராய்க.