எல்லை கடந்த இசை

தமிழகத்தின் வட எல்லையில் ஆந்திரத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் பள்ளிப்பட்டு. முருகன் எழுந்தருளியுள்ள திருத்தணிகைக் குன்று இதற்கு அண்மையில் உள்ளது. நெடிய எல்லைக் கிளர்ச்சிக்குப் பின்னர், 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள் இப்பகுதி ஆந்திரத்தினின்று தமிழகத்துடன் சேர்க்கப்பெற்றது. எல்லைக்கோடு மாறிய பின்னும் இங்குத் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அடுத்தடுத்த வீடுகளிலே வாழ்கின்றனர். ஆந்திரத்தினின்று வரும் கொசத்தலையாறு, எல்லையைப் பாராது பள்ளிப்பட்டு வழியே பாய்ந்து, சென்னைக்கு வடக்கே எண்ணூர் அருகில் கடலை அடைகின்றது.

அவ்வாற்றின் கடைப்பகுதிக்கு அருகே மணலி என்னும் ஊர் உள்ளது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், முத்துகிருஷ்ண முதலியார் என்னும் செல்வரின் ஆதரவில் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் அங்கு வாழ்ந்தது. தீட்சிதரின் ஆண்மக்கள் மூவர். மூத்தவரே கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். இவர் திருத்தணிகையிலேதான் முதன்முதலாகக் கீர்த்தனை இயற்றினார் என்பது மரபு. இளையவர் பாலுசாமி.

அக்காலத்தில் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவினர் இசைத்து வந்தனர். அவ்விசை பாலுசாமியின் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர் ஐரோப்பியர் ஒருவரை அடுத்துப் பிடில் பயின்றார். இருவருக்கும் மொழி வேறு, சமயம் வேறு, இசைமுறையும் வேறு. ஆயினும், 'அயலாரின் கருவி நமக்கெதற்கு?' என்று பாலுசாமி ஒதுங்கினாரல்லர். குரலைப் போலவே நீண்டும் குழைந்தும் ஒலிக்கும் அக்கருவி, கமகங்களைக் காட்டுவதற்கு ஏற்றதாயிருந்தது. ஐரோப்பியர் அதனைத் தோளில் தாங்கி வாசிப்பர். நம் நாட்டிலோ, தரையில் அமர்ந்து, மார்புக்கும் காலுக்கும் இடையே அதனைச் சாய்த்து வாசிக்கும் முறை நிலைபெற்றது. இதனால் இடக்கை தந்தியின்மேல் தடையின்றி ஊர்ந்து செல்ல முடிந்தது.

தமையனாரும் அவ்விசைக்குச் செவி கொடுத்தார். மேனாட்டு மெட்டுகள் பலவற்றிற்கு அவர் வடமொழிச் சொற்களை அமைத்தார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. நாட்டைப் பிடித்தவர்களின் பாட்டாயிற்றே என்று அவர் மெட்டை வெறுக்கவில்லை. அம்மெட்டிலே தம் தெய்வத்தைப் பாடினார்.

கற்ற வித்தை பாலுசாமியோடு நின்றுவிடவில்லை. முத்துசாமி தீட்சிதரின் மாணவர்களான தஞ்சை நால்வர், வேறு குலத்தில் பிறந்தவர்கள். அவர்களுள் ஒருவரான வடிவேலு பிடிலில் பெரும்புகழ் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் யானைத் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்.

பாலுசாமியின் மகள்வயிற்றுப் பேரரும், பின்னர் அவருக்கே மகனாகத் தத்தெடுக்கப்பெற்றவருமான சுப்பராம தீட்சிதர், தம் குடும்பம் காத்த கீர்த்தனைகளைச் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலாக 1904ஆம் ஆண்டு வெளியிட்டார். அதனை எழுதுமாறு அவரை இடைவிடாது தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்னும் தமிழ்க் கிறித்தவர். நூல் வெளிவந்த இடம் தமிழ்நாட்டு எட்டயபுரம். அச்சான எழுத்தோ தெலுங்கு. இவர்களுள் ஒருவர் மற்றவரை அயலார் என்று ஒதுக்கியிருப்பின், எத்துணைக் கீர்த்தனைகள் மறைந்து போயிருக்கும்!

பள்ளிப்பட்டு போன்ற எல்லையூர் மாணவர்க்கு இவ்வரலாறு வழிகாட்டுவதாகும். தியாகராசரின் கீர்த்தனைகளுள் மிகப் பல தெலுங்கில் உள்ளன. தணிகை முருகனைப் போற்றும் அருணகிரிநாதரின் திருப்புகழ் தமிழில் உள்ளது. தெலுங்கு பேசும் மாணவன் கீர்த்தனையின் பொருளைத் தன் தோழனுக்கு விளக்கலாம். தமிழ் மாணவன் திருப்புகழின் சந்தத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அப்பொழுது ஒரு நாழிகை ஆசிரியனாயிருந்தவன் மறு நாழிகை மாணவனாவான். ஒருவன் பிழைபடப் பாடினால் மற்றவன் நகையான். அடுத்த பாட்டில் பிழை செய்யப்போகிறவன் தானே என்பதை அவன் அறிவான்.

வேற்றுமை மறைந்த பின்னரே நட்பு தோன்றும் என்று எண்ணிக் காத்திருத்தல் வேண்டா. தன்னிடம் இல்லாத ஒன்று பிறனிடம் உள்ளது என்று உணர்ந்து, அதனைக் கேட்டுக் கற்கும் பணிவு இருந்தால் போதும். அன்று மணலியில் ஓர் இளைஞர் பெற்றிருந்த அப்பணிவே, கருநாடக இசைக்குப் பிடிலை ஈந்தது.