இரத்தத்தைத் தூய்மிக்கும் நுண்மணிக் குப்பி: குடும்பத்தார் அறிய வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டவரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இரத்தத்திலிருக்கிற நஞ்சையெல்லாம் எடுத்துவிடும் ஃபில்டர் இருக்கிறதாமே, அதை ஏன் இன்னும் போடவில்லை?" கேள்வி நியாயமானது. அத்தகைய கருவியும் உண்மையிலேயே இருக்கிறது. ஆயினும் அதன் விலை அதிகம். அதைப் பற்றி வெளியில் பேசப்படுவனவற்றில் மிகையும் அதிகம். நகையை அடகு வைத்தாவது அதைப் போட்டுவிட வேண்டுமென ஒரு மகனோ மனைவியோ முடிவெடுப்பதற்கு முன், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது டயாலிசிஸ் அன்று. டயாலிசிசில் இரத்தம் ஒரு மெல்லிய சவ்வை ஒட்டி ஓடுகிறது. யூரியா, பொட்டாசியம் போன்ற சிறு மூலக்கூறுகள் சவ்வின் நுண்துளைகள் வழியே வெளியேறுகின்றன. பெரிய மூலக்கூறுகளும், இரத்தப் புரதங்களோடு பிணைந்திருக்கும் மருந்துகளும் அவ்வாறு எளிதில் வெளியேறுவதில்லை. நாம் இங்கே பேசும் கருவி, நுண்மணிகள் நிரப்பிய ஒரு குப்பி. கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய இரத்தக் குழாயிலிருந்து எடுக்கப்படும் இரத்தம் அம்மணிகளின் இடையே ஓடித் திரும்ப உடலுக்குள் செல்கிறது. ஓடும்போது சில பொருள்கள் மணிகளின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு நீரை உள்ளிழுப்பது உறிஞ்சுதல். இவ்வாறு பரப்பின்மீது ஒட்டுவது பரப்புக் கவர்ச்சி. வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலுள்ள கரி, குளோரின் வாடையை நீக்குவதிலும் இதற்குப் பங்குண்டு. மணி ஒவ்வொன்றும் எண்ணற்ற நுண்துளைகள் உடையது. பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் குப்பியில் அத்துளைகளின் உட்பரப்பையெல்லாம் விரித்தால் 40,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர் வருமென அதனைத் தயாரிப்போர் கணக்கிடுகின்றனர். அப்பரப்பும் நிறைந்துவிடும். ஆகவே ஒரு குப்பியை 24 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை.

இம்முறை புதிதன்று. 1964-இல் கிரேக்க மருத்துவர் யாட்சிடிஸ், சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தைக் கரியின் வழியே செலுத்திக் காட்டினார். கரி நச்சுப் பொருள்களோடு இரத்தத் தட்டணுக்களையும் பிடித்துக்கொண்டது பெருஞ்சிக்கலாயிற்று. பின்னர்க் கனடாவின் தாமஸ் சாங், கரிக்கு மெல்லிய உறை பூசி அச்சிக்கலைக் குறைத்தார். அன்றுமுதல் ஃபீனோபார்பிடால், கார்பமசெபைன் போன்ற மருந்துகளை அளவு மீறி உட்கொண்டோருக்குக் கரிக் குப்பி பயன்பட்டு வருகிறது. பாராகுவாட் களைக்கொல்லி உடலுக்குள் சென்றவர்களுக்கும் இதனைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்த நஞ்சு நுரையீரலில் சேர்ந்துவிடுமுன், முதற் சில மணி நேரத்துக்குள் தொடங்கினாலன்றிப் பயன் மிகக் குறைவு. அப்போதும் பிழைப்பு உறுதியன்று. பாம்புக்கடிக்கோ விஷமுறிவு மருந்தே சிகிச்சை. குப்பி அதற்கு மாற்றாகாது.

குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது செப்சிஸ் நோயாளிக்காக. கிருமித்தொற்றை எதிர்க்க எழும் உடலின் எதிர்வினை கட்டு மீறி, உடலின் உறுப்புகளையே தாக்குவது செப்சிஸ். அப்போது சைட்டோகைன் என்னும் அழற்சிப் புரதங்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. அவற்றை அகற்றினால் நோயாளி தேறுவார் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆய்வுகள் அதை இதுவரை உறுதிப்படுத்தவில்லை. கிருமிகளின் எண்டோடாக்சின் என்னும் நச்சைப் பிடிக்கும் பாலிமிக்சின் குப்பியை, அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்சிஸ் அதிர்ச்சிக்கு உள்ளான 450 பேரிடம் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். குப்பி போட்டவர், போடாதவர் ஆகிய இரு பிரிவினரிடையே 28 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஜெர்மனியில் எக்மோ கருவியில் இருந்த கோவிட் நோயாளிகள் 34 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு இன்னும் கவலை தருவது. குப்பி போடப்பட்ட 17 பேரில் 30 நாளுக்குப் பின் உயிரோடிருந்தவர் 3 பேர். போடப்படாத 17 பேரில் 13 பேர். சிறிய ஆய்வு ஒன்றை வைத்து இறுதித் தீர்ப்புக் கூற முடியாதுதான். ஆனால் "போட்டுப் பார்ப்போம், கெடுதல் ஒன்றுமில்லையே" என்னும் வாதத்தை அதன்பின் நாங்கள் ஏற்பதில்லை. 2021-இல் வெளியான பன்னாட்டுச் செப்சிஸ் வழிகாட்டுதலும் பாலிமிக்சின் குப்பி வேண்டாமென்றே கருத்துரைக்கிறது. பிற வகைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்கிறது.

கெடுதல் எவ்வாறு நேரக்கூடும்? மணிகளுக்கு நல்லது கெட்டது தெரியாது. அழற்சியைத் தணிக்கும் புரதங்களும் அவற்றில் ஒட்டும். கிருமியைக் கொல்ல நாம் செலுத்தும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் சிலவும் ஒட்டும்; அளவைச் சரிசெய்யாவிடில், உயிர்காக்கும் மருந்தைக் குப்பியே தின்றுவிடும். தட்டணுக்கள் குறையலாம். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினால் இரத்தக் கசிவு ஏற்படலாம். குழாய் செருகிய இடத்தில் புதிய தொற்றும் வரலாம்.

அப்படியாயின் எப்போது போடுகிறோம்? அகற்ற வேண்டிய பொருள் இன்னதென்று தெளிவாகத் தெரிந்து, அது மணிகளில் ஒட்டக்கூடியதாகவும் இருந்தால் தயக்கமில்லை. செப்சிசில், தக்க ஆன்டிபயாட்டிக் தொடங்கி, சீழ்க்கட்டி போன்ற தொற்றின் மூலத்தை அகற்றி, இரத்த அழுத்த மருந்தை உயர்த்திய பின்னும் நிலை சரியும்போது மட்டுமே அதைப் பற்றிப் பேசுகிறோம். உறுதியற்ற முயற்சி என்று சொல்லியே பேசுகிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளை எங்களிடம் கேளுங்கள்: எந்தப் பொருளை அகற்றப் போகிறீர்கள்? பயனளிக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவீர்கள்? எப்போது நிறுத்துவீர்கள்? வேண்டாமென்று நீங்கள் சொன்னால் மற்றச் சிகிச்சைகளில் எதுவும் குறையாது. நோயாளியைக் கைவிட்டதாகவும் ஆகாது.

நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளையும், நஞ்சு உட்கொண்டவராயின் அந்தப் புட்டியையும் மறவாமல் கொண்டுவாருங்கள். எதை அகற்ற வேண்டும் என்பது பல வேளைகளில் அவற்றிலிருந்தே தெரியவரும்.

குப்பி போட்ட 24 மணி நேரத்தில் இரத்த அழுத்த மருந்தின் அளவையும் இரத்த லாக்டேட் அளவையும் மீண்டும் பார்ப்போம். அவை அசையவில்லையெனில் இரண்டாவது குப்பியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை; அதை அன்று மாலையே உங்களை அழைத்து அமரவைத்துச் சொல்வோம்.