விதைக்கும் முன்பே பணம் தரும் குடும்பங்கள்

கேளம்பாக்கம், தையூர், புதுப்பாக்கம் பகுதிகளில் கீரையும் காய்கறியும் பயிரிடும் சிறு உழவர்களுக்கு முன்பணம் என்பது புதிய சொல் அல்ல. விதைக்கும் உழவுக்கும் கையில் பணம் இல்லாதபோது கமிஷன் மண்டிக்காரரிடம் வாங்குகிறோம். விளைந்ததை அவரிடமே கொண்டுபோய்ப் போட வேண்டியிருக்கிறது. விலையை அவர் சொல்கிறார். கமிஷனும் பழைய பாக்கியும் கழித்த பிறகு மிஞ்சுவது நம் கைக்கு வருகிறது. இதே முன்பணத்தை, விளைபொருளை உண்ணப்போகும் குடும்பங்களிடமிருந்தே பெற முடியுமா? முடியும். அதற்கு வேண்டிய முறைகளை இங்கே காண்போம்.

உப்பளங்களுக்கும் ஏரிப் பாசனத்துக்கும் பெயர்பெற்றிருந்த இப்பகுதியில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி நாவலூர், சிறுசேரி, படூர் என அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. இதனால் நமக்கு நெருக்கடி உண்டு. வரப்போரம் நின்று நிலத்தை விலை கேட்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஐம்பது சென்ட்டில் கத்தரி போட்டுக் கிடைப்பதை, மனையாக விற்றால் கிடைப்பதோடு ஒப்பிட்டால் எந்த உழவருக்கும் மனம் தளரும். ஆனால் அந்த மாடிகளில் குடியிருப்பவர்கள் தினமும் கீரை வாங்குகிறார்கள். அது எங்கே, எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை; தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் அவர்களில் பலர். அவர்களில் பதினைந்து குடும்பங்கள் நமக்குப் போதும்.

அருகிலுள்ள இரு எடுத்துக்காட்டுகள்

மக்கள் எதற்காகப் பணம் தருகிறார்கள் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேகர் முதலியோர் 1976இல் தொடங்கியது. அந்த வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது.

இருளர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாம்பு பிடித்துத் தோலுக்காக விற்பது அவர்களில் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்திவிட்டன. கையில் இருந்தது திறமை ஒன்றுதான். 1978இல் சங்கம் அமைத்தார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நஞ்சு, பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. அதோடு, நஞ்செடுப்பதைப் பொதுமக்கள் கட்டணம் கொடுத்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அங்கே கட்டணம் செலுத்துகிறவர் இரக்கப்பட்டுப் பணம் தரவில்லை. தாம் வேறெங்கும் காணமுடியாத ஒரு வேலையைக் கண்ணால் பார்க்கிறார். அதற்குப் பணம் தருகிறார். நம் உழவர் குழுக்களில் பலவும் இங்கேதான் தவறிவிடுகின்றன. "உழவர் கஷ்டப்படுகிறார், உதவுங்கள்" என்று கேட்டால் ஒருமுறை தருவார்கள். மறுமுறை கதவு திறக்காது.

முதலைப் பண்ணையில் இன்னொரு முறையும் உண்டு. ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, அதன் பராமரிப்புக்கு ஓராண்டுக்குரிய தொகையைத் தத்துக் கட்டணமாகச் செலுத்தலாம். பொதுவாக "நன்கொடை தாருங்கள்" என்பதைவிட இது எளிதாகப் புரிகிறது. எந்த விலங்கு, எவ்வளவு காலம், எவ்வளவு தொகை என்ற மூன்றும் தெளிவாக இருக்கின்றன. 2020இல் ஊரடங்கால் வாயில் மூடப்பட்டபோது நுழைவுக் கட்டண வருமானம் நின்றது. பண்ணை தன் ஆதரவாளர்களிடம் உதவி கேட்டது. பெயரும் முகவரியும் தெரிந்த ஆதரவாளர்கள் இருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும். சந்தையில் வாங்கிப்போகிறவரின் பெயர் நமக்குத் தெரியாது. சந்தாதாரரின் பெயர் நம் நோட்டில் இருக்கும்.

வேளாண்மையில் இம்முறை புதிதல்ல. ஜப்பானில் 1970களில் இல்லத்தரசிகள் குழுவாகச் சேர்ந்து உழவர்களோடு நேரடி உடன்பாடு செய்துகொண்டார்கள். அதற்குத் 'தெய்க்கேய்' என்று பெயர். அமெரிக்காவில் 1986இல் இதுபோன்ற பண்ணைகள் தொடங்கின. அங்கெல்லாம் பருவத் தொடக்கத்தில் பணம் கட்டும் குடும்பம், விளைச்சல் குறைந்தால் அந்தக் குறைவிலும் பங்கு ஏற்கிறது.

முதலில் நிலத்தைக் கணக்கிடுங்கள்

ஆள் சேர்க்கும் முன் பயிர்த் திட்டம் வேண்டும். பணம் வாங்கிவிட்டுக் கீரை தரமுடியாமல் போனால் அந்தக் குடியிருப்பில் அதன்பின் நுழைய முடியாது.

பதினைந்து குடும்பங்களுக்கு, வாரம் வீட்டுக்கு 4 கட்டுக் கீரையும் 3 கிலோ காயும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 60 கட்டு வேண்டும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். நன்றாக எருவிட்ட பாத்தியில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கீரை எதிர்பார்க்கலாம். கால் கிலோ கட்டாகக் கட்டினால் சென்ட்டுக்கு 160 கட்டு. திட்டம் போடும்போது இதில் பாதியை மட்டுமே நம்புங்கள். அப்போதும் 80 கட்டு வரும். வாரம் ஒரு சென்ட் போதும். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பறிப்புக்கு வரும். பாத்தி திருத்த ஒரு வாரம் சேர்த்தால் ஐந்து வாரச் சுற்று. ஆகவே ஒவ்வொரு சென்ட்டில் ஐந்து பாத்தி. பூச்சியோ மழையோ கெடுத்தால் ஈடுகட்ட ஆறாவதாக ஒன்று. வாரத்துக்கு ஒரு பாத்தி விதைக்க வேண்டும். ஆறையும் ஒரே நாளில் விதைத்துவிட்டால் ஒரு வாரம் கீரை குவியும், அடுத்த நான்கு வாரம் கை வெறுமையாக இருக்கும்.

வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும்; ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கலாம். இக்குடும்பங்களுக்கு 5 சென்ட் வெண்டை போதும்; முதல் விதைப்புக்கு 40 நாள் கழித்து இன்னொரு 5 சென்ட் போட்டால் காய் தொடர்ந்து கிடைக்கும். கத்தரி, கொத்தவரை, பந்தலில் புடலோ பீர்க்கனோ சேர்த்து மொத்தம் 25 முதல் 30 சென்ட் ஆகும். கழிமுகத்தை ஒட்டிய கிணறுகளில் கோடையில் உப்பு ஏறும். தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; உப்பைத் தாங்காத பீன்ஸ் வகைகளைத் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு கேட்பது?

கீழ்வரும் கணக்கு எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்குக் கீரை 60 ரூபாய், காய் 180, கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு 30, மழை இழப்பு ஒதுக்கீடு 30. ஆக 300 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்கு 3,600. இதில் பாதியை, அதாவது 1,800 ரூபாயை விதைக்கும் முன் கேளுங்கள். மீதியை ஆறாவது வாரத்தில் வாங்கலாம். பதினைந்து வீட்டிலும் சேர்த்து முன்பணம் 27,000 ரூபாய். இந்த அளவு நிலத்தின் விதை, எரு, உழவு, முதல் கூலி எல்லாவற்றுக்கும் இது பெரும்பாலும் ஈடுகொடுக்கும். மண்டியில் கைநீட்ட வேண்டிய நாள் தள்ளிப்போகிறது. கணக்கில் பெரிய தொகையாகத் தெரியாவிட்டாலும் இதுவே முக்கியமான ஆதாயம்.

மழை ஒதுக்கீட்டைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டுச் செலவோடு கலந்த பணம் தேவைப்படும் நாளில் இருக்காது.

சந்தை விலை ஏறும்போதும் இறங்கும்போதும் சந்தா மாறக்கூடாது. தக்காளி கிலோ நூறைத் தொட்டால் மண்டிக்கு ஓடத் தோன்றும். ஓடினால், விலை பத்துக்கு விழும் நாளில் உங்கள் சந்தாதாரர் ஏன் உங்களோடு நிற்க வேண்டும்?

ஆள் சேர்க்கும் விதம்

முதலில் ஒரே குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சிதறிய பதினைந்து வீட்டுக்குச் சுற்றினால் பெட்ரோலிலேயே ஆதாயம் கரையும். குடியிருப்போர் சங்கச் செயலாளரை முறையாகப் பார்த்து, வாரத்தில் ஒருநாள் மாலை வாயிலருகே ஒரு மேசை போட அனுமதி கேளுங்கள். முதல் இரண்டு வாரம் சந்தாவைப் பற்றிப் பேசாமல் சாதாரணமாக விற்கலாம். காலையில் பறித்த கீரையே உங்களுக்காகப் பேசும். திரும்ப வந்து வாங்குகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் அவர்களிடம் மட்டும் திட்டத்தைச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு ஞாயிறு காலை அவர்களை வயலுக்கு அழையுங்கள். அலங்காரம் வேண்டாம். எருக்குழி, கிணறு, பாத்தி, பூச்சிக்கு அடிக்கும் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் ஆகியவற்றைக் காட்டினால் போதும். பிள்ளைகளை ஒரு கட்டுப் பறிக்கச் சொல்லுங்கள். அன்றே பணம் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. வீடு திரும்பி இருவரும் பேசி முடிவெடுத்துக் கட்டும் பணம்தான் பருவம் முழுதும் நிலைக்கும்.

பணம் வாங்கியதும் ரசீது கொடுங்கள். யூபிஐ வழியாக வந்தாலும் கையெழுத்திட்ட ரசீது தனி மதிப்புடையது. வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன விதைத்தோம், என்ன வரும், என்ன கெட்டது, அடுத்த வாரம் என்ன. கெட்டதை மறைக்காமல் எழுதுவதுதான் இதில் கடினம். முதல் பத்து வாரம் வாய்மூடி இருந்துவிட்டுப் பதினோராம் வாரம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொன்னால் பாதிப்பேர் விலகிவிடுவார்கள்.

வடகிழக்குப் பருவமழையைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்தால் தாழ்வான வயலில் கீரை அழுகும். அந்த வாரம் கூடை குறையும் அல்லது வராது. வராத வாரத்துக்குச் சந்தாக் காலத்தை நீட்டுவதா, ஒதுக்கீட்டிலிருந்து பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை ரசீதின் பின்புறமே எழுதிவிடலாம்.

சட்டம் பற்றிச் சில

வாங்கும் பணத்துக்கு வட்டியோ, "இரண்டு மடங்காகத் திரும்பும்" என்ற உறுதியோ தராதீர்கள். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நீங்கள் வாங்குவது பொருளுக்கான முன்பணம். ரசீதிலும் அப்படியே எழுதுங்கள். சான்று பெறாமல் "இயற்கை விளைபொருள்" என்று அச்சிட வேண்டாம். என்ன எரு இட்டீர்கள், என்ன தெளித்தீர்கள் என்பதைச் சொன்னால் போதும்.

பத்துப் பதினைந்து உழவர்கள் சேர்ந்து செய்தால் காய் வகை கூடும், வண்டிச் செலவு பகிரப்படும். கூட்டுறவு இம்மண்ணுக்குப் புதிதும் அல்ல. நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் ஒன்று 1904இல் பதிவானது, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருந்தால் அதன் வழியாகவும் சந்தா சேர்க்கலாம். 2020இல் மைய அரசு அறிவித்த திட்டத்தில், உழவர் கட்டும் பங்குத் தொகைக்கு ஈடாக உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 இலட்சம் வரை பங்கு மானியம் வகுக்கப்பட்டது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். ஆனால் இந்நிறுவனங்களில் உற்பத்தியாளர் மட்டுமே பங்குதாரராகலாம். மாடிவீட்டுக் குடும்பம் சந்தாதாரராக இருக்கலாமே தவிரப் பங்கு வாங்க முடியாது. ஆர்வ மிகுதியில் இதை மறந்து அவர்களிடம் பங்குத் தொகை வாங்கிவிடாதீர்கள்.

தொடங்க ஏற்ற காலம் தை மாதம். மழை ஓய்ந்து நிலம் ஆறியிருக்கும். மார்கழியிலேயே மேசை போட்டுப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டால், பொங்கல் கழிந்ததும் முன்பணம் வாங்கி வெண்டையையும் முதல் கீரைப் பாத்தியையும் விதைக்கலாம். மாசி நடுவில் முதல் கூடையில் கீரை போகும். வெண்டை மாசிக் கடைசி வாரத்தில் சேரும். அதுவரை காய்க்கு மாற்றாகக் கூடுதல் கட்டுக் கீரை தருவதாகச் சந்தாதாரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.