பவள அரண்

தமிழகத்தின் தென்கிழக்கே, இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையைத் தழுவிக் கிடக்கும் கடல் மன்னார் வளைகுடா எனப்படும். பண்டைப் பாண்டியர்க்கு முத்தும் சங்கும் வாரி வழங்கிய கடல் இதுவே. கொற்கைத் துறையின் முத்துச் சிறப்பைக் கிரேக்க வணிகரும் உரோமானிய வணிகரும் நன்கு அறிந்திருந்தனர். இக்கடலில் 21 சிறு தீவுகள், நூலிற் கோத்த மணிகள் போல, கரைக்கு இணையாக அமைந்திருந்தன. மண்டபத்தை அடுத்து 7, கீழக்கரையை அடுத்து 7, வேம்பாற்றை அடுத்து 3, தூத்துக்குடியை அடுத்து 4 என அவற்றைப் பகுத்துரைப்பர். அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டும் இன்று கண்ணுக்குப் புலனாவதில்லை. அவை கடலுள் மூழ்கிவிட்டன. அவற்றை மூழ்கச் செய்தது மனிதன் செயலா, கடலின் செயலா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அத்தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப் பாறைகளின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

பவளப் பாறை என்பது வெறுங் கல் அன்று. எண்ணிறந்த சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய மாளிகை. நகக்கண் அளவே உள்ள அவ்வுயிர்கள், கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை மடிய, அதன் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாக எழுந்த மேடுகளையே மீனவர் 'பார்' என வழங்குவர். பவள உயிரின் உடலினுள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி ஒன்று குடியிருக்கிறது. அது கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, தனக்கு இடம் தந்த பவளத்திற்கும் ஊட்டுகிறது. பவளத்திற்கு நிறம் தருவதும் அதுவே. விருந்தோம்பலும் நன்றியறிதலும் கடலடியிலும் உள்ளன போலும்!

இப்பார்களின் பயன் பெரிது. மீனும் நண்டும் சிங்கி இறாலும் இங்கே குஞ்சு பொரித்து வளர்கின்றன. இவற்றை அடுத்த கடற்புல் வெளிகளில் ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்கிறது. பெருகி வரும் அலை பாரின்மேல் மோதி வலிவிழந்த பின்னரே தீவையும் கரையையும் அடைகிறது. ஆதலின் பவளப் பாறையைக் கடல் தனக்குத் தானே கட்டிய அரண் எனலாம்.

இவ்வரணை முதலில் இடித்தவன் மனிதன். பல ஆண்டுகளாகப் பவளக் கற்கள் கடலினின்றும் பெயர்த்தெடுக்கப்பட்டு, வள்ளம் வள்ளமாகக் கரை சேர்ந்தன. அவற்றுள் சில வீட்டுச் சுவராயின. பல காளவாயில் வெந்து சுண்ணாம்பாயின. வெடி வைத்து மீன் பிடித்தோரும் உளர். இழுவைப் படகுகளின் வலைகள் கடலின் அடித்தரையை அரித்து வாரின. ஊர்க் கழிவுகள் கடலிற் கலந்தமையால் நீர் கலங்கிற்று; கழிவின் உரத்தை உண்டு பாசிகள் செழித்தன. அப்பாசியை மேய்ந்து பவளத்திற்கு இடம் விட்டு வைப்பவை கிளிமீன் போன்ற மீன்கள். அவையும் மிகுதியாகப் பிடிபட்டமையால் பாசி தடையின்றிப் படர்ந்தது. வாணிகத்திற்கென வெளிநாட்டினின்றும் கொண்டு வந்து வளர்த்த பாசி ஒன்று, குருசடைத் தீவின் பவளங்களைப் போர்வை போல மூடிக்கொண்டதை 2008-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இரண்டாம் துன்பம் வானிலை வழி வந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காற்றில் கரியமிலவாயு பெருகுகிறது. முன்பு பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420-ஐயும் கடந்துவிட்டது. அதனால் உலகம் வெப்பமுறுகிறது; அவ்வெப்பத்தின் பெரும்பகுதியைக் கடலே தாங்கிக்கொள்கிறது. கோடையில் வழக்கமான உச்ச வெப்பத்தினும் ஒரு பாகை மிகுந்து, அந்நிலை சில வாரங்கள் நீடிப்பினும் பவளம் துன்புறுகிறது. தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி விடுகிறது. உடனே அதன் நிறம் போய், வெண்ணிற எலும்பு தோன்றும். இதனை 'வெளிறல்' என்பர். வெளிறிய பவளம் இறந்தது அன்று, பட்டினி கிடப்பது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடிபுகும்; குளிராவிடின் பவளம் மடியும். மேலும், கரியமிலவாயு கடலிற் கரைதலால் நீரின் புளிப்புத் தன்மை ஏறுகிறது. அதனால் கூடு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணத்தைப் பெறுவதும் அரிதாகிறது.

இவ்விரு துன்பங்களும் ஒருங்கே நேரின் என்னாகும்? இதனை அறிவதே இன்றைய கடலாராய்ச்சியின் தலையாய வேலை. ஆராய்ச்சியாளர் நான்கு தொட்டிகளில் ஒரே வகைப் பவளத்தை வளர்ப்பர். முதல் தொட்டி இயல்பான நீர் உடையது. இரண்டாவதில் வெப்பம் மட்டும் மிகும். மூன்றாவதில் அழுக்கு மட்டும் மிகும். நான்காவதில் இரண்டும் மிகும். வெப்பத்தால் நூற்றில் 10 பவளங்களும் அழுக்கால் 10 பவளங்களும் மடிந்தன எனக் கொள்வோம். இரண்டும் கூடிய தொட்டியில் 20 மடியும் என்பதே எளிய கணக்கு. ஆயின் 35 மடிந்தால், ஒரு துன்பம் மற்றொன்றின் வலிவைப் பெருக்கியது என்பது தெளிவு. பட்டினியால் மெலிந்தவனைக் காய்ச்சல் விரைவில் வீழ்த்துவது போன்றது இது. சிற்சில வேளைகளில் கணக்கு மாறியும் வரும். கலங்கிய நீர் கடுமையான ஒளியை மறைத்து, வெளிறலைச் சற்றுத் தணிப்பதும் உண்டு. ஆதலின், ஊகத்தால் முடிவு கட்டாமல் அளந்தே அறிதல் வேண்டும்.

தொட்டியிற் கண்டதைக் கடலிலும் ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. 1947-ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் நெடுங்காலம் தலைமையிடம் கொண்டிருந்தது. அங்கிருந்து கோபிநாத பிள்ளை என்னும் அறிஞர் இக்கடலின் பவளங்களை ஆராய்ந்து வகைப்படுத்தினார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால் 117 இனங்கள் இங்குண்டு என அறியப்பட்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், நீருள் மூழ்கி, அளவு நாடாவைப் பாரின்மேல் விரித்து, அதன் கீழ் உயிருள்ள பவளம் எவ்வளவு, இறந்தது எவ்வளவு, பாசி எவ்வளவு எனக் குறித்து வருகின்றனர்.

அவர்கள் திரட்டிய கணக்கு ஒரு கதையே சொல்கிறது. 2001-ஆம் ஆண்டில் பவளங்கள் சட்டத்தின் கடுங்காவலுக்கு உரியனவாயின. 2005-ஆம் ஆண்டளவில் கல்லெடுத்தல் நின்றது. அப்பொழுது பார்களில் உயிருள்ள பவளம் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு. 2009-இல் அது 43 ஆக உயர்ந்தது. மனிதன் கையை எடுத்தவுடன் பவளம் தலை நிமிர்ந்தது! 2010-ஆம் ஆண்டின் கோடையில் கடல் கொதித்தது. 43 பங்கு 33 ஆகக் குறைந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் தேறி 39-ஐ எட்டியது. 2016-இல் மீண்டும் வெப்பம் தாக்க, அது 23 ஆகச் சுருங்கியது. ஆறாண்டு உழைப்பில் ஈட்டியதைப் போல இருமடங்குக்கு மேல் ஒரு கோடை பறித்துக்கொண்டது. வெப்பத் தாக்குதல்கள் அடிக்கடி நேருமாயின், தேறுவதற்குரிய காலம் பவளத்திற்குக் கிடைக்காது. இதுவே அறிஞரின் கவலை.

மூழ்கிய தீவுகளைப் பற்றிய வினாவுக்கும் விடை இங்கே கிடைக்கிறது. கல்லெடுத்தமையால் முன்னிருந்த அரண் அழிந்தது. அலை தடையின்றி மோதி மணலை அரித்தது. உயர்ந்து வரும் கடல்மட்டம் எஞ்சியதை விழுங்கியது. மனிதன் செயலும் கடலின் செயலும் கைகோத்தே அத்தீவுகளை மறைத்தன.

இனிச் செய்யத் தக்கது யாது? 1986-ஆம் ஆண்டில் அரசு இத்தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியது. உடைந்த பவளத் துண்டுகளைச் சிமிட்டிச் சட்டங்களிற் கட்டி மீண்டும் வளர்க்கும் பணி 2002 முதல் நடந்து வருகிறது. தேய்ந்து வந்த வான் தீவின் முன்னே செயற்கைப் பார்கள் இடப்பட்டன. எனினும், தடையும் காவலும் மட்டும் போதா. கடலையன்றி வேறு வாழ்வு அறியாதவனிடம் 'கடலுக்குப் போகாதே' எனக் கூறுவது எளிது. அவன் அடுப்பு எரிவது எங்ஙனம் என எண்ணுவது கடமை. பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுத்து வாழும் ஏழை மகளிர் இதற்கு நல்வழி காட்டினர். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்றும், பாரைச் சிதைக்கும் உலோகச் சுரண்டியைத் தொடுவதில்லை என்றும் அவர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். கடல் பிழைத்தால்தான் தாமும் பிழைக்கலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

உலகின் வெப்பத்தைத் தணித்தல் ஓர் ஊரால் ஆகக் கூடியது அன்று. எல்லா நாடுகளும் ஒன்றுபட்டு முயல வேண்டும். ஆனால் கழிவைக் கடலிற் கலவாதிருத்தலும், இளமீனைப் பிடியாது விடுதலும், பாரைச் சிதையாது காத்தலும் கரையில் வாழ்வோர் கையில் உள்ளன. இரு சுமைகளைத் தாங்கித் தள்ளாடும் ஒருவனது தோளினின்று ஒரு சுமையை இறக்கினால், மற்றதை அவன் சிறிது தூரமேனும் தாங்கி நடப்பான். அந்தச் சிறிது தூரத்திற்குள் உலகம் தன் கடமையைச் செய்து முடிக்குமாயின், எஞ்சிய தீவுகளும் அவற்றின் பவள அரணும் வருந்தலைமுறையினர்க்கும் நிலைத்திருக்கும்.