குறி தவறாத எழுத்துரு: வேத எபிரெயத்துக்கும் கிரேக்கத்துக்கும் எதைத் தேர்வது?

எபிரெயமும் கிரேக்கமும் காட்டத் தெரியாத கணினியோ கைப்பேசியோ இன்று கடையில் அரிது. இருந்தாலும் இறையியல் மாணவர், பிரசங்கக் குறிப்பு எழுதும் போதகர், வேத ஆராய்ச்சி நூல் பதிப்பிப்பவர் என எல்லோரும் "எந்த ஃபாண்ட் போடுவது?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. கருவியோடு வரும் எழுத்துருக்கள் பெரும்பாலும் இன்றைய டெல் அவிவுக்கும் ஏதென்ஸுக்கும் ஆனவை. இஸ்ரேலில் நாளிதழும் பெயர்ப்பலகையும் உயிர்க்குறி இல்லாமலே அச்சாகின்றன. கிரேக்க நாடு 1982-இல் மூச்சுக்குறிகளையும் மூவகை அழுத்தக்குறிகளையும் விட்டுவிட்டு, ஒற்றை அழுத்தக்குறியோடு எழுத முடிவு செய்தது. வேதப் பதிப்புகளோ இந்தக் குறிகள் அத்தனையையும் சுமந்து நிற்கின்றன.

ஆகவே எழுத்தின் அழகைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். குறிகள் தத்தம் இடத்தில் உட்காருகின்றனவா என்பதைப் பாருங்கள். அதில் தேறியவற்றுக்குள் அழகைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வடிகட்டல்: யூனிகோடு

பாமினியில் தட்டிய கட்டுரையை அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்பி அயோனிக், எஸ்பி டைபீரியன், பைபிள்வொர்க்ஸ் மென்பொருளோடு வந்த எழுத்துருக்கள் எல்லாம் அதே ரகம். ஆங்கில எழுத்தின் இடத்தில் கிரேக்க, எபிரெய வடிவத்தைப் பொருத்தி வைத்திருப்பார்கள். எபிரெயத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. வலமிருந்து இடம் போகும் சொற்களைச் சிலர் தலைகீழாகத் தட்டி வைப்பார்கள். வரி மடங்கும்போது மேற்கோளின் முடிவு மேல் வரியிலும் தொடக்கம் கீழ் வரியிலும் போய் விழும்.

பழைய ஆய்வேட்டைத் திறக்க மட்டும் அவற்றை வைத்திருங்கள். புதிதாக எழுதுவது யூனிகோடிலேயே இருக்கட்டும். கீழே சொல்லப்படும் எழுத்துருக்கள் எல்லாமே யூனிகோடு எழுத்துருக்கள்தாம்.

நான்கு வசனங்களில் ஒரு சோதனை

எழுத்துருவை நிறுவியதும் ஆதியாகமத்தின் முதல் வசனத்தை ஒட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது வழக்கம். அது எளிய வசனம். ஏறக்குறைய எல்லா எழுத்துருவும் தேறிவிடும். கடினமானவற்றைக் கொடுத்துப் பாருங்கள்.

சங்கீதம் 122:6-இல் எருசலேம் என்ற பெயர் வருகிறது. எபிரெய மூலத்தில் இந்தப் பெயர் பெரும்பாலான இடங்களில் கடைசி யோத் எழுத்து இல்லாமலே எழுதப்படும். ஆனால் அதற்குரிய உயிர்க்குறி மட்டும் தங்கிவிடும். லாமெத் எழுத்தின் அடியில் இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து நிற்க வேண்டும். சாதாரண எழுத்துருவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறையாகிவிடும்.

யாத்திராகமம் 20:4, 5 இன்னும் கடினம். பத்துக் கட்டளைகளை ஓதுவதற்கு இரண்டு மரபுகள் உண்டு. இரண்டின் இசைக்குறிகளும் ஒரே வரியில் கலந்து அச்சாகும். நான்காம் வசனத்தில் ஓர் எழுத்துக்கு இரண்டு உயிர்க்குறியும் வருகிறது. ஐந்தாம் வசனத்தில் 'அக்கிரமம்' என்பதற்கான சொல்லில் வாவ் மெய்யாகவே நிற்கிறது. அதன் ஓகாரப் புள்ளி வாவின் உச்சியில் நேராக நிற்காமல் இடப்பக்கம் சற்று விலகி நிற்க வேண்டும். நல்ல எழுத்துரு இந்த வித்தியாசத்தைக் காட்டும்.

கிரேக்கத்துக்கு லூக்கா 16:23. 'பாதாளத்திலே' என்ற இடத்தில் ஆல்ஃபாவின் தலையில் வன்மூச்சுக்குறியும் அழுத்தக்குறியும் பக்கத்தில் பக்கத்தில், அடியில் சிறு இயோட்டா. சொல்லின் கடைசி எழுத்தின் அடியிலும் ஓர் இயோட்டா. ஒரு குறி மட்டும் தடித்தோ வேறு சாய்விலோ தெரிந்தால், உங்கள் எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை. கணினி சத்தமில்லாமல் வேறொன்றிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது என்று பொருள்.

கூர்ந்து பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. இன்றைய கிரேக்கத்தின் ஒற்றை அழுத்தக்குறியும் பழைய கூர் அழுத்தக்குறியும் யூனிகோடில் ஒன்றுக்கொன்று சமமானவை. மென்பொருள் சேமிக்கும்போது பழையதைப் புதியதாக மாற்றிவிடக்கூடும். சில எழுத்துருக்களில் புதியது செங்குத்தாகவும் பழையது சாய்வாகவும் வரைந்திருக்கும். அப்படிப்பட்டதில் ஒரே பக்கத்தில் ஒரே குறி இரண்டு விதமாக நிற்கும்.

எபிரெயத்துக்கு நான்கு

எஸ்பிஎல் ஹீப்ரூ: வேத இலக்கியக் கழகத்துக்காக (எஸ்பிஎல்) டைரோ டைப்வொர்க்ஸின் ஜான் ஹட்சன் வடிவமைத்தது. மேலே சொன்ன இக்கட்டுகளுக்கென்றே செய்யப்பட்டது எனலாம். இரட்டை உயிர்க்குறி, எண்ணாகமம் 10:35, 36-ஐச் சூழ்ந்து நிற்கும் தலைகீழ் நூன், சொல்லின் மேலும் கீழும் வரும் சிறப்புப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு. ஆய்வேடு, ஆய்விதழ்க் கட்டுரை எழுதுவோர் யோசிக்காமல் இதை எடுக்கலாம். குறை: தடித்த வடிவம் தனியாகக் கிடையாது. வேர்டில் தடித்த பொத்தானை அழுத்தினால் மென்பொருளே எழுத்தை ஊதிக் காட்டும். குறிகளுக்கிடையே உள்ள வெளி அடைபட்டுவிடும். அழுத்திக் காட்ட நிறத்தைப் பயன்படுத்துங்கள்.

எஸ்ரா எஸ்ஐஎல்: ஸ்டுட்கார்ட் எபிரெய வேதாகமத்தின் அச்செழுத்தைப் பின்பற்றியது. வகுப்பில் அந்தப் பதிப்பை வைத்துப் படிப்பவருக்குக் கண்ணுக்குப் பழகிய முகம். அச்சுப் பக்கத்தில் பார்த்ததைத் திரையிலும் அப்படியே பார்ப்பது தொடக்கநிலை மாணவருக்குப் பெரிய உதவி.

தாமெய் ஃபிராங்க்: குல்மூஸ் திட்டத்தின் வெளியீடு. ரஃபாயேல் ஃபிராங்க் 1908-இல் உருவாக்கி, லைப்சிக்கில் வெளிவந்த ஃபிராங்க் ரூல் எழுத்தின் வழி வந்தது. எபிரெயப் புத்தகங்களில் மிகுதியாகப் புழங்கும் வடிவம் இது. அதோடு இசைக்குறிகளையும் சேர்த்திருக்கிறார்கள். நீண்ட பகுதிகளைத் தொடர்ந்து வாசிக்க ஏற்றது.

நோட்டோ செரிஃப் ஹீப்ரூவும் நோட்டோ சான்ஸ் ஹீப்ரூவும்: கூகுள் வெளியீடு. உயிர்க்குறியோடு நிற்கும் சொல்லுக்கும் சிறு மேற்கோளுக்கும் போதும். இசைக்குறியோடு முழு அதிகாரம் அச்சிடுவதானால் முந்தைய மூன்றில் ஒன்றுக்குப் போய்விடுங்கள்.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாலெத்தும் ரேஷும் ஏறத்தாழ ஒரே உருவம். தாலெத்தின் வலப்பக்க முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆதியாகமம் 10:4-இல் தோதானீம் என்று நிற்கும் பெயர், எபிரெய 1 நாளாகமம் 1:7-இல் ரோதானீம் என்று நிற்கிறது. படியெடுத்தவர்களின் கண்ணே தடுமாறும் இடம். பேத்–காஃப், ஹே–ஹேத், இறுதி மேம்–சாமெக் இணைகளும் அப்படித்தான். படிக்கத் தொடங்கியவர் இந்த எட்டு எழுத்தையும் வரிசையாகத் தட்டிப் பார்த்து, தயங்காமல் பிரித்தறிய முடிகிற எழுத்துருவையே எடுக்க வேண்டும். நவீன, கோடு மெலிந்த விளம்பர எழுத்துருக்கள் இங்கேதான் தோற்கும்.

கிரேக்கத்துக்கு நான்கு

எஸ்பிஎல் கிரீக்: எபிரெய எழுத்துருவின் உடன்பிறப்பு. நெஸ்லே–ஆலந்து பாணியில் பாடபேதங்களைச் சுட்டும் சிறு குறியீடுகளும் இதில் உண்டு. பாடபேத ஆய்வு எழுதுவோருக்கு வேறு தேடல் வேண்டாம்.

ஜென்டியம்: எஸ்ஐஎல் நிறுவனத்துக்காக விக்டர் கோல்ட்னி வடிவமைத்தது. பேனா அசைந்த தடம் தெரியும். சின்ன அளவிலும் குறிகள் தெளிவாக நிற்கும். ஒலிபெயர்ப்புக்கு வேண்டிய புள்ளியும் கோடும் இட்ட ரோமன் எழுத்துகள் முழுமையாக உண்டு. தடித்த வடிவமும் சாய்வும் இருப்பது கூடுதல் வசதி. எபிரெயம் இதில் கிடையாது.

ஜிஎஃப்எஸ் டிடோ: 1992-இல் ஏதென்ஸில் தொடங்கிய கிரேக்க எழுத்துருக் கழகத்தின் வெளியீடு. பிரெஞ்சு அச்சுக்கலைஞர் ஃபிர்மேன் டிடோவின் 19-ஆம் நூற்றாண்டு வடிவத்தை ஒட்டியது; நிமிர்ந்த, வட்டமான எழுத்து. கிரேக்க நாட்டுப் புத்தகங்களின் சாயல் வேண்டுவோருக்கு இது. அதே கழகத்தின் போர்சன் எழுத்துரு சாய்ந்து ஓடும். இங்கிலாந்தில் அச்சான செவ்வியல் கிரேக்க நூல்களில் பழகியவருக்குப் பிடிக்கும். முதல் பருவ மாணவருக்கு நிமிர்ந்ததே நல்லது. நூவும் உப்சிலானும் தொடக்கத்தில் குழப்பும். ஒன்றின் அடி கூர்மை, மற்றதன் அடி வளைவு. நிமிர்ந்த எழுத்தில் இது பளிச்சென்று தெரியும்.

பாலடினோ லினோடைப்: விண்டோஸ் 2000 முதல் கணினியோடு வருவது; பழைய கிரேக்கக் குறிகள் அனைத்தும் உண்டு. வேறு எதையும் நிறுவ அனுமதியில்லாத அலுவலகக் கணினியில் கைகொடுக்கும்.

ஒன்றே போதுமா?

எஸ்பிஎல் பிப்லிட் என்ற எழுத்துருவில் எபிரெயம், கிரேக்கம், ரோமன் மூன்றும் ஒரே கோப்பில் உள்ளன. டேவிட் பெர்ரியின் கார்டோவும் அப்படியே. ஒரே எழுத்துரு என்றால் மூன்றின் கனமும் உயரமும் இசைந்து நிற்கும். இரண்டிலும் தமிழ் இல்லை என்பதால், தமிழ்க் கட்டுரைக்கு எப்படியும் இரண்டு எழுத்துரு வேண்டும். தமிழ் உடலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மேற்கோளுக்கு எஸ்பிஎல் பிப்லிட் என்பது நல்ல இணை. எபிரெய மேற்கோளை மட்டும் இரண்டு புள்ளி பெரிதாக வையுங்கள். இல்லாவிட்டால் உயிர்க்குறிகள் அச்சில் தூசியாகத் தெரியும். வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

லிப்ரெ ஆஃபீஸில் எழுதுவோர் கவனிக்க: அந்த மென்பொருள் தமிழையும் எபிரெயத்தையும் ஒரே வகுப்பில் வைக்கிறது, கிரேக்கத்தை ஆங்கிலத்தோடு சேர்க்கிறது. தமிழ் எழுத்துருவை மாற்றினால் எபிரெயமும் கூடவே மாறும். எபிரெயத்துக்குத் தனியாக ஓர் எழுத்துப் பாணியை உண்டாக்கி, மேற்கோள்களுக்கெல்லாம் அதைப் போட்டுவிட்டால் தொல்லை தீரும். வேர்டிலும் இதே பழக்கம் நன்று. ஒரு வரிக்கு மேல் போகும் எபிரெய மேற்கோளை, வலமிருந்து இடம் ஓடும் தனிப் பத்தியாக வைத்தால் அடைப்புக்குறியும் வசன எண்ணும் இடம் மாறித் துள்ளாது.

தட்டச்சு

எழுத்துரு காட்டும், தட்டித் தராது. விண்டோஸில் 'பாலிடோனிக்' கிரேக்க விசைப்பலகை உண்டு. அதன் வழக்கமான எபிரெயப் பலகையில் இசைக்குறிகள் இல்லை. வேத எபிரெயத்துக்கென்று எஸ்பிஎல் தரும் பலகையை நிறுவ வேண்டும். தமிழுக்கே கீமேன் பயன்படுத்துவோர் அதிலேயே இரண்டு மொழிக்கும் பலகை சேர்த்துக்கொள்ளலாம். சொல்லிறுதி சிக்மாவும் எபிரெயத்தின் ஐந்து இறுதி வடிவங்களும் யூனிகோடில் தனி எழுத்துகள். எழுத்துரு தானே மாற்றித் தராது. நீங்கள்தான் தட்ட வேண்டும்.

அச்சகத்துக்குப் போகுமுன்

எஸ்ஐஎல், நோட்டோ எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை; விற்பனைப் புத்தகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எஸ்பிஎல் எழுத்துருக்கள் தனிநபரின் வணிகமல்லாத பயன்பாட்டுக்கே இலவசம். விலை வைத்து விற்கும் நூலானால் உரிமத்தைப் படித்து அனுமதி பெறுங்கள். பழைய பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும் அச்சகத்தில் இவற்றில் எதுவும் வேலை செய்யாது; அந்த மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது. எழுத்துருக்களை உள்பொதிந்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

எந்த வேலைக்கு எது

- மொழி கற்கத் தொடங்குபவர்: எஸ்ரா எஸ்ஐஎல், ஜிஎஃப்எஸ் டிடோ.
- ஆய்வேடு, கட்டுரை: எஸ்பிஎல் ஹீப்ரூ, எஸ்பிஎல் கிரீக், ஒன்றே போதும் என்றால் எஸ்பிஎல் பிப்லிட்.
- நீண்ட வாசிப்பு: தாமெய் ஃபிராங்க், ஜென்டியம்.
- விற்பனைக்கு வரும் தமிழ் நூல்: எஸ்ரா எஸ்ஐஎல், ஜென்டியம்.
- ஆலயத் திரையில் காட்டும் சொற்கள்: நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் ஹீப்ரூ, கிரேக்கத்துக்கு நோட்டோ சான்ஸ்.

எதை எடுத்தாலும் அந்த நான்கு வசனங்களை ஒரு தாளில் அச்சிட்டு, கையில் வைத்து ஒருமுறை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது மறையும் குறை தாளில் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.