தோலுக்கு உகந்த எண்ணெய் எது?

மலாக்காவில் நம்மவர் வீடுகளில் எண்ணெய்க் கிண்ணம் இல்லாத வீடு அரிது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்ட லயங்களை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகும், தீபாவளி எண்ணெய்க் குளியலும் பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தடவும் வழக்கமும் நம்மோடு வந்துவிட்டன. நல்ல வழக்கம்தான். ஆனால் எல்லா எண்ணெயும் ஒரே குணம் உடையவை அல்ல.

எண்ணெய் என்ன செய்கிறது?

நம் தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் போன்றது. செங்கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணச் சாந்து போல, அங்கே இயற்கையான கொழுப்பு இருக்கிறது. சுடுநீரும் சவர்க்காரமும் அதைக் கரைத்துவிடும்போது ஈரம் வெளியேறி, தோல் வறண்டு அரிக்கிறது. எண்ணெய் தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை. உள்ள நீர் போகாமல் மூடிக் காக்கிறது. ஆகவே குளித்துத் துவட்டியவுடன், ஈரம் முழுதும் காயுமுன், மெல்லியதாகத் தடவுவதே சிறந்தது.

எண்ணெய் வகைகள்

தேங்காய் எண்ணெய்: வறண்ட தோலுக்கு ஏற்றது. கரப்பான் உள்ள சிறுவர்களிடம் பிலிப்பீன்சில் நடந்த ஆய்வொன்று 2014-இல் வெளிவந்தது. எட்டு வாரங்களில், கனிம எண்ணெயைவிடச் சுத்தத் தேங்காய் எண்ணெய் கூடுதல் பலன் தந்தது. எனினும் முகப்பரு உள்ளவர்கள் இதை முகத்தில் பூசாதிருப்பதே நல்லது.

நல்லெண்ணெய்: எண்ணெய்க் குளியலுக்கு உரியது. எள் ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும்.

விளக்கெண்ணெய்: கெட்டியானது. பாதவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயோடு கலந்து தடவலாம்.

ஆலிவ் எண்ணெய்: விலை உயர்ந்தது என்பதற்காகக் குழந்தைக்குப் பூச வேண்டாம். இது தோலின் காப்பைத் தளர்த்துகிறது என்று 2013-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு காட்டியது.

வேப்பெண்ணெய்: எச்சரிக்கை!

வேம்பு நமக்குப் புனித மரம். அதனாலேயே அதன் எண்ணெய் தீங்கு செய்யாது என்று எண்ணிவிடுகிறோம். சளிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் நம்மிடையே இருந்தது. அதன் விளைவை 1981-இல் மலேசிய மருத்துவர்கள் சின்னையா, பாஸ்கரன் இருவரும் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினர். 13 கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், மூச்சு வாங்கல், வலிப்பு ஆகியவற்றால் துன்புற்றனர். மூளையும் கல்லீரலும் தாக்கப்படும் கொடிய நிலை அது.

ஆகவே வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு ஒரு சொட்டும் புகட்டலாகாது. விரல் சூப்பும் குழந்தையின் உடம்பில் பூசுவதும் வேண்டாம். பெரியவர்களும் வேறு எண்ணெயில் சிறிதளவு கலந்தே தோலில் தடவ வேண்டும்.

தீப எண்ணெய் தீபத்திற்கே

கடைகளில் விளக்கேற்றவென்று விற்கும் மலிவான எண்ணெய்கள் பல எண்ணெய்களின் கலவையாக இருக்கலாம். நிறமும் வாசனையும் சேர்ந்திருக்கலாம். பூசை அறையில் மிஞ்சியதைத் தலைக்கும் உடம்புக்கும் தேய்க்க வேண்டாம்.

நினைவில் கொள்க

1. புதிய எண்ணெயை முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் கவனிக்கவும். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடவும்.

2. புண்ணிலும் சீழ் கட்டிய இடத்திலும் எண்ணெய் பூசலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் கால்விரல் இடுக்குகளை உலர்வாக வைத்திருக்க வேண்டும்.

3. பானப் புட்டியில் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டாம். பிள்ளைகள் வேப்பெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

4. ஓரிரு வாரத்தில் ஆறாத அரிப்பையும் படையையும் கிளினிக்கில் காட்டவும்.

பாட்டிமார் கைப்பக்குவத்தைப் போற்றுவோம். அதில் விலக்க வேண்டியதை விலக்கிப் பிள்ளைகளைக் காப்போம். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.